பிடுங்கிய மீசை

விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று செய்தி வந்ததும், ராயபுரத்தில் பாதித் தெரு மூட்டை கட்டியது. வத்தல் மண்டி உச்சிமாகாளியும் கட்டினார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் மிளகாய் வத்தல் அவர் மண்டியில் இறங்கித்தான் பட்டணத்துக் கடைகளுக்குப் போகும். கீழே மண்டி, மாடியில் வீடு. மனைவியையும் மகளையும் குதிரை வண்டியில் ஏற்றிவிட்டு, தன் அக்காள் மகன் சிவந்தியைக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்.

"நீ இருலே. மண்டிய அநாதையா விட்டுட்டுப் போவ முடியாது. ஆம்பள ஒருத்தன் இருக்கணும்."

"குண்டு விழுந்தா மாமா?"

"விழுந்தா ஆர்பர்ல கப்பல் மேல விழும். இங்க எதுக்கு விழப்போவுது?"

அப்படியென்றால் நீங்கள் எதற்குப் போகிறீர்கள் என்ற கேள்வி சிவந்தியின் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு எழும்பூர் வரை போய், பெட்டிகளைத் தலையில் சுமந்து ரயிலில் ஏற்றிக் கொடுத்தான். மாமா மகள் தங்கபுஷ்பம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அவனுக்குத்தான் கட்டிக்கொடுப்பது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். ரயில் நகர்ந்தபோது மாமா எட்டிப் பார்த்துச் சொன்ன கடைசி வார்த்தை, "மூட்டையில ஈரம் படாமப் பாத்துக்க."

ராயபுரம் வரை நடந்தே வந்தான். வழி நெடுகக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. வத்தல் மூட்டைக்குக் காவலாக ஒரு உயிரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூட்டை நனையக்கூடாது, இவன் எரிந்தால் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டு, மாமாவின் சவரக்கத்தியை எடுத்து முதல் வேலையாக மீசையை மழித்தான்.

அந்த மீசையை அவன் என்றைக்குமே கேட்டதில்லை. அது அரும்பிய வருஷம், மாமா அவனை மண்டி வாசலில் நிறுத்தி, வந்து போகிற வியாபாரிகளிடமெல்லாம் காட்டினார். "பாத்தீங்களா, எங்க அக்கா மவன் ஆளாயிட்டான்." அன்று சிவந்தி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, நகத்தால் அதைக் கிள்ளிக் கிள்ளி உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு தாடி வந்தது. காலையில் மழித்தால் சாயங்காலம் கன்னம் பச்சை பூத்துவிடும். சின்ன வயசிலேயே அப்பாவைப் பறிகொடுத்து, அம்மாவை ஊரில் விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவன். இங்கே சாப்பாடு, துணி, படுக்கை எல்லாம் மாமா கொடுத்தவை. முகத்தில் முளைத்ததும் மாமாவுக்குச் சொந்தம் போலவே ஆகிவிட்டது. மழிக்கப் போனால், "ஏலே, மீசைய விட்டுட்டு எடு" என்று மாடியிலிருந்து குரல் வரும்.

வெள்ளிக்கிழமைகளில் கைதட்டிக்கொண்டு கடை கடையாக வருகிறவர்களை அவன் பார்த்திருக்கிறான். சேலை கட்டியவர்கள். ஊர் அவர்களைப் பொட்டை என்றது. அவர்களைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ புரளும். தானும் அப்படி ஆகவேண்டுமா என்று கேட்டுக்கொண்டால், சில நாள் ஆமாம் என்று வரும், சில நாள் வராது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரகனோடு விலை பேசும்போது அவனுக்கு ஒரு குறையும் தெரியாது. முகத்து மயிர் தன்னுடையது இல்லை என்பது ஒன்றுதான் எல்லா நாளும் தெரிந்தது.

மழித்தும் அந்தப் பச்சை போகவில்லை. முடி உதிர்க்கும் என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கிப் பதுக்கி வைத்திருந்த அரிதாரப் பொடியைச் சுண்ணாம்போடு குழைத்து முகத்தில் அப்பினான். முடி உதிர்ந்தது. தோலும் சேர்ந்து வந்தது. வலியில் தொட்டித் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டு, வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினான். தெருவே காலியாகக் கிடந்ததால் யாரும் வந்து என்னவென்று கேட்கவில்லை.

அந்தப் புண்ணோடு பாதிக் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் சபீஹா வந்தாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒருத்தி அவள். அவன் வயசுதான் இருக்கும். கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்ததில் அவள் வயிறு ஒட்டியிருந்தது.

"எல்லாரும் ஓடிட்டானுங்க. நீ ஒருத்தன்தான் கீற. எதுனா குடுபா."

சிவந்தி அரிசி அளந்து கொண்டுவந்தான். முந்தானையில் வாங்கிக்கொண்டே அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா மூஞ்சி இது? கோழி கொத்துன மாரி கீது."

"கொப்புளம்."

"என்கிட்டயேவா? பொடி போட்டு உருவிக்கினு கீற. நானும் போட்டுப் பாத்துட்டுத்தான் வுட்டேன்." அவள் குரலில் கேலி இல்லை. "அத்தத் தொட்டுத் தொலைக்காத. புண்ணு ஆறட்டும், வரேன்."

சொன்னபடியே வந்தாள். இடுப்புச் சுருக்குப் பையில் சின்ன இடுக்கி ஒன்று வைத்திருந்தாள். அவனைக் கொல்லைப் பக்கம் வெளிச்சத்தில் உட்கார வைத்து, வெந்நீரில் பிழிந்த துணியை முகத்தில் ஒற்றி, தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மேலுதட்டில் கை வைத்தபோது அவனுக்குக் கண்ணில் நீர் கொட்டியது, தும்மல் வந்தது. "ஆடாத" என்று தலையில் ஒரு தட்டு தட்டினாள். பிடுங்கி முடித்துத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

"மறுபடியும் மொளைக்கும். மறுபடியும் புடுங்கணும். புடுங்கப் புடுங்கச் சோர்ந்துபூடும். எனக்கும் முழுசாப் போவல."

அவன் அவளுக்குச் சோறு போட்டான். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஊரே ஓடிப்போன அந்தக் கோடையில், ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய வீட்டில், அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வீக்கம் வடிந்த ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தான். வெறும் முகம். அவ்வளவுதான். ஆனால் அதை இத்தனை வருஷம் பார்க்க விடாமல் செய்தவர்களை நினைத்ததும் கண்ணாடியை உடைக்கலாம் போல இருந்தது.

சபீஹா புருவத்தையும் திருத்திவிட்டாள். ஒரு நாள் தன் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, தலைமுடியைச் சீவி முக்காடு போட்டு, அவனை இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் கிளம்பினாள். வெயில் சாய்ந்த நேரம். மீன்காரர்களின் கட்டுமரங்கள் மணலில் சும்மா கிடந்தன. காக்கிச் சட்டையும் இரும்புத் தொப்பியுமாகச் சைக்கிளில் வந்த, குண்டுவீச்சுக் காவலுக்குப் போட்டிருந்த ஏ.ஆர்.பி.காரர் ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"ஏம்மா, பொம்பளைங்க இன்னும் ஊரை வுட்டுப் போவாம இன்னா பண்றீங்க? சங்கு ஊதுனா எங்க ஓடுவீங்க?"

அவர் சிவந்தியைப் பார்த்துத்தான் கேட்டார். சிவந்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். சபீஹாதான் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அவர் போனதும் அவள் அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"கேட்டியாடி? அம்மான்றான்."

கேட்டது. நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்த மாதிரிதான் இருந்தது. கொஞ்ச தூரம் சபீஹாவின் நடையிலேயே நடந்தான். ஆனால் வீட்டுக்குத் திரும்பிச் சேலையை அவிழ்த்து வேட்டி கட்டியபோதும் அவனுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. மறுநாள் அவள் வந்து, "இன்னிக்கும் கட்டு" என்றபோது வேண்டாம் என்றான். மீசை இல்லாத முகத்தோடு வேட்டி கட்டி உட்கார்ந்திருப்பதே அன்றைக்குப் போதுமாக இருந்தது.

சபீஹா அதைச் சும்மா விடவில்லை.

"இன்னாதான் உன் கணக்கு? எங்க வூட்டுக்கு வரியா? எங்க கூட்டத்துப் பெரியம்மாகிட்ட சொல்றேன். சேத்துக்குவாங்க. அப்புறம் அறுக்க வேண்டியத அறுத்துக்கினு எங்கள மாரி இரு. இல்ல, கல்யாணம் கட்டிக்கினு ஆம்பளையாவே இரு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியலதான். தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

அவள் இடுக்கியைச் சுருக்குப் பைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்தாள். "உனுக்கு இது வெளையாட்டு. மாமன் வந்தா மீசை வெச்சுக்குவ. எனுக்கு வெச்சுக்க எதுவும் இல்ல. என் அண்ணன் செருப்பால அடிச்சுத் தொரத்துனான், தெரியுமா? நீ சோத்துக்குப் பஞ்சமில்லாத வூட்ல குந்திக்கினு தெரியல தெரியலன்ற."

"நான் உன்கிட்ட மூஞ்சியத்தான் குடுத்தேன். பதில் தரேன்னு எப்பவாவது சொன்னேனா?"

அவள் எழுந்து போய்விட்டாள். சாப்பிடக்கூட இல்லை. அவன் பாத்திரத்தை எட்டி உதைத்தான். ஆம்பளை ஒருத்தன் இருக்கணும் என்று ஒருவர் விட்டுவிட்டுப் போனார். ரெண்டில் ஒன்று சொல் என்று இன்னொருத்தி கழுத்தில் கை வைக்கிறாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது வேறு அவனுக்கு எரிச்சலைக் கூட்டியது.

பயம் தெளிந்து ஊர் திரும்ப ஆரம்பித்தது. ஆனி மாதத்தில் உச்சிமாகாளியும் குடும்பத்தோடு வந்து இறங்கினார். கதவைத் திறந்தவனைப் பார்த்து வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்பது போல ஒரு கணம் நின்றார்.

"என்னலே இது, மூஞ்சி?"

சிவந்தி பெட்டியை வாங்கக் கை நீட்டினான். அவர் கிட்டே வந்து அவன் மோவாயைப் பிடித்துத் திருப்பினார். புருவத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அறைந்தார். அத்தை "ஐயோ, விடுங்க" என்று குறுக்கே வந்தாள். மூட்டைகளில் ஈரம் பட்டிருக்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை என்பதைச் சிவந்தி கவனித்தான். ஒரு மூட்டைகூட நனையவில்லை.

வைகாசியிலேயே தனியாகத் திரும்பியிருந்த எதிர் வீட்டுக்காரர் மூலமாகச் சபீஹா வந்துபோன கதை அன்றே அவர் காதுக்கு எட்டியது. அவர் மறுபடி அடிக்கவில்லை. வேறு வழி கண்டுபிடித்தார். ஆவணியில் கல்யாணம், அதற்குள் மீசை வளர்ந்தாகவேண்டும் என்று தீர்மானித்து, சிவந்தியை வத்தல் பொறுக்குகிற வேலையில் உட்காரவைத்தார். காம்பு கிள்ளுவது, சொத்தையைப் பிரிப்பது, வெயிலில் பரப்புவது. கூலிப் பெண்கள் செய்கிற வேலை.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதுதான் உனக்கு. அந்தக் கையோட மூஞ்சியத் தொடு, பாப்போம்."

அவன் தொட்டான். முதல் நாளே, யாரும் பார்க்காதபோது நகத்தால் மேலுதட்டில் முளைத்ததைக் கிள்ளப் போய், முகமெல்லாம் நெருப்பாகிக் கண் வீங்கிவிட்டது. அதைப் பார்த்து மாமா சிரித்தார். அடியைக்கூட அவன் ஒரு வகையில் பொறுத்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை அவனால் பொறுக்கமுடியவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினான். மீசை முளைத்தது. தாடியும் முளைத்தது. அவற்றைச் சுமந்துகொண்டு, வத்தல் நெடியில் இருமிக்கொண்டு, உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு மத்தியானம் மாமா சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் தங்கபுஷ்பம் மோர்ச் செம்போடு கீழே வந்தாள். செம்பை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நீங்க அவங்களோட போயிருவீங்களா?"

"தெரியல."

"என்னைக் கட்டிக்குவீங்களா?"

அவன் கையிலிருந்த வத்தலைக் கீழே போட்டான். இந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதே இல்லை. கேட்டதும் பதில் தானாக வந்தது.

"மாட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் முகம் சிவந்தது.

"இதை எப்ப சொல்றதா இருந்தீங்க? தாலி கட்டுறப்பவா? ஊர்ல என்னைப் பாக்க வந்த ரெண்டு எடத்தை அப்பா திருப்பி அனுப்பிட்டாரு, வீட்டோட மாப்பிள்ளை இருக்கான்னு. நீங்க பேசாம மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தீங்க. உங்க மூஞ்சிய நீங்க என்னமும் பண்ணிக்கங்க. என்னை எதுக்குக் காக்க வச்சீங்க?"

அவள் கேட்டது சரி. அவனுக்கு மட்டும்தான் கோபம் வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "தப்புதான்" என்றான். "இப்பவே சொல்லிடறேன்."

மாமா தூங்கி எழுந்து மண்டிக்கு வரும்வரை காத்திருந்தான். தரகர்களும் வண்டிக்காரர்களும் இருந்தார்கள். எழுந்து நின்றான்.

"மாமா, நான் தங்கத்தைக் கட்டிக்க மாட்டேன். வேற எடம் பாருங்க."

"மீசைய வளத்துட்டு அப்புறம் பேசுலே."

"மீசையும் வேண்டாம்."

"அப்ப பொட்டையாப் போறியா?"

நின்றிருந்தவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். சிவந்தி குரலை உயர்த்தினான்.

"போறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. தெரியிறப்ப தெரியட்டும். குண்டு விழும்னு ஊரே ஓடுனப்ப என்னை மூட்டையோட மூட்டையா வச்சுப் பூட்டிட்டுப் போனீங்க. செத்தா சாவட்டும்னு விட்ட உடம்புதானே? அதுல மீசை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அப்ப வேண்டாத மூஞ்சி இப்ப எதுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. உச்சிமாகாளி கையை ஓங்கினார். சிவந்தி நகராமல் நின்றதைப் பார்த்து, ஓங்கிய கை அந்தரத்திலேயே கொஞ்ச நேரம் இருந்து கீழே இறங்கியது. "உங்க அம்மா கேட்டா என்ன சொல்லுவேன்?" என்றார், வேறு குரலில். அந்தக் குரல் அவனைக் கொஞ்சம் அசைத்தது. ஆனாலும் மாமா இன்னும் திரும்பக் கேட்காத சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மூட்டை மேல் வைத்துவிட்டு, கட்டிய துணியோடு வெளியே இறங்கினான்.

மூலக்கொத்தளத்தில் சபீஹாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வீட்டுக்குப் பெரியவள் காத்தூன் பீவி கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். சபீஹா அவள் பின்னால் நின்றாள். சிவந்தி நடந்ததைச் சொல்லி, கொஞ்ச நாள் தங்க இடம் கேட்டான்.

"எங்க பொண்ணா வந்தா தாராளமா இரு" என்றாள் காத்தூன் பீவி. "வரியா?"

"தெரியலம்மா."

"அப்போ போ. கோச்சுக்காத. நாளைக்கு உன் மாமன் போலீஸ இட்டுக்கினு வருவான், பையனக் கடத்திட்டாங்கன்னு. உன்னை ஒரு அடி அடிச்சு வூட்டுக்கு அனுப்புவாங்க. எங்களத்தான் உள்ள போடுவாங்க. முழுசா வந்தவளுக்காக ஜெயிலுக்குப் போவேன். பாதி ஆளுக்காகப் போவ மாட்டேன்."

சிவந்தி சபீஹாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கூடவே உட்கார்ந்து சோறு தின்றவள். அவன் திரும்பி நடந்தான். மயானத்துச் சுவர் ஓரமாகப் போகும்போது ஒரு கல்லை எடுத்துச் சுவரில் எறிந்தான். இன்னொன்று எடுத்தான். கை ஓயும் மட்டும் எறிந்தான்.

வண்ணாரப்பேட்டையில் ஜஹாங்கீரின் தையல் கடையில் பட்டாளத்துக் காக்கிச் சட்டைகள் மலை மாதிரி குவிந்திருந்தன. யுத்தக் காலத்தில் கை ஓடுகிற எவனுக்கும் அங்கே வேலை இருந்தது. சிவந்தி பொத்தான் தைக்கவும் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கவும் உட்கார்ந்தான். கடையிலேயே படுக்கை. முதல் நாள் இரவே உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை ஜன்னலில் சாய்த்துவைத்து மறுநாள் விடிந்ததும் மீசையை எடுத்தான். கூட வேலை செய்தவர்கள் ஜஹாங்கீரிடம் போய், "இன்னா நைனா, ஆம்பளையா பொம்பளையா, ஒண்ணும் புரியல" என்றார்கள்.

ஜஹாங்கீர் அவன் தைத்த சட்டையை வாங்கிப் பொத்தானை இழுத்துப் பார்த்தார். "பட்டாளத்துக்காரன் சட்டையக் கேட்டான். தெச்சவன் மூஞ்சியக் கேக்கல. போய் வேலையப் பாருங்க."

அவர் அன்பாகச் சொல்லவில்லை. சட்டைகள் முடியவேண்டிய அவசரம் அவருக்கு. அதுவே சிவந்திக்கு வசதியாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் சபீஹா கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று அவன் சொல்லவில்லை. அவளாகவே படியில் உட்கார்ந்தாள்.

"அது பெரியம்மா போட்ட சட்டம். நான் போட்டது இல்ல."

"ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

"பேசி இருந்தா என்னையும் வெளிய அனுப்பி இருப்பாங்க. எனக்கு வேற போக்கு இல்ல."

"தெரியும். அதுக்காகக் கோவம் வரக்கூடாதா?"

"வரட்டும்" என்றாள். இடுப்புச் சுருக்குப் பையின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு சும்மா இருக்க மாட்டாமல், "இப்பவாச்சும் ஒரு முடிவு..." என்று ஆரம்பித்தாள்.

சிவந்தி கையிலிருந்த சட்டையை வீசி எறிந்தான். "இனிமே இதை என்கிட்ட கேக்காத. எனக்குத் தெரியிறப்ப நானே சொல்றேன். தெரியாமலே செத்தாலும் சாவேன். நாளைக்கே சேலை கட்டுவேன், நாளன்னைக்கு வேட்டி கட்டுவேன். கேக்கறதா இருந்தா இங்க வராத."

உள்ளே இயந்திரங்கள் நின்றன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சபீஹா சட்டையை எடுத்து மண் தட்டி மடித்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சரி, கேக்கல" என்றாள். அப்புறம் அவன் மேலுதட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "கத்தி போட்டு கீற. முள்ளு முள்ளா நிக்குது. வெளிச்சத்துக்கு வா."

போகவேண்டாம் என்றுதான் நினைத்தான். கால் போனது. படியில் உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தான். அவளும் கோபமாகத்தான் இருந்தாள், வலிக்கும்படியே பிடுங்கினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, தும்மலை அடக்கிக்கொண்டு, தெருவில் நின்று பார்த்தவர்களைத் திருப்பிப் பார்த்தான். ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். "என்னய்யா பாக்குற?" என்று சிவந்தி கத்தினான். அந்த ஆள் நடையைக் கட்டினான்.

"ஆடாத" என்றாள் சபீஹா.

உள்ளேயிருந்து ஜஹாங்கீர் பொத்தான் எங்கே என்று குரல் கொடுத்தார். பாதி உதடு முடிந்திருந்தது. இதோ வருகிறேன் என்று கத்திவிட்டு, மீதிப் பாதியைச் சபீஹாவிடம் காட்டினான்.